கிளிமஞ்சாரோவில் 139 மீட்டர் பாக்கி

ஒவ்வொரு ராத்திரியும் கூடாரத்துக்குள் தலைவிளக்கு வெளிச்சத்தில் ஒரு சின்ன நோட்டில் குறித்து வைத்தேன். விரல் விறைத்துப்போன நாட்களில் இரண்டு வரிதான் இருக்கிறது. ஊர் திரும்பிய பிறகு அதை விரித்து, நாள் வாரியாக இங்கே எழுதுகிறேன்.

பிப்ரவரி 7, 2025, வெள்ளி: கிளம்பும் முன்

எனக்கு 51 வயது. போன ஜூலையில் ரத்தப் பரிசோதனை செய்தபோது மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 8.4 இருந்தது. எடை 78 கிலோ. இரண்டு மாடி ஏறினால் நின்று மூச்சு வாங்க வேண்டும்.

அக்கா மகனுக்கு ஒன்பது வயது. ஐந்து வயதிலிருந்து அவனுக்கும் சர்க்கரை. இரண்டுக்கும் ஒரே பெயர் என்றாலும் நோய் வேறு வேறு. அவனுடையது முதல் வகை. கணையம் இன்சுலினைச் சுரப்பதே இல்லை. ஒரு நாளைக்கு நான்கு ஊசி, வாழ்நாள் முழுக்க. என்னுடையது இரண்டாம் வகை. நான் நடந்தால் குறையும், சாப்பாட்டை மாற்றினால் குறையும். அவன் எவ்வளவு ஓடினாலும் ஊசி நிற்காது. அந்த வித்தியாசம் மனதில் ஏறிய நாளிலிருந்து, குறைக்க முடிந்ததைக் கூடக் குறைக்காமல் இருப்பது எனக்கு வெட்கமாக இருந்தது.

அவன் போகும் மருத்துவமனையில் ஒரு அம்மா, சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து எண்ணிக்கொண்டிருந்தார். மாதத்துக்கு ஒரு டப்பாதான் வாங்க முடியும் என்பதால் தினமும் ஒரு தடவைதான் குழந்தைக்குப் பார்ப்பாராம். இன்சுலின் போடும் குழந்தைக்கு ஒரு தடவை போதவே போதாது. அங்கே அப்படி இருக்கும் குழந்தைகளுக்கு ஸ்ட்ரிப்பும் இன்சுலினும் வாங்கிக் கொடுக்கத்தான் இந்த மலை. ஆப்பிரிக்காவில் தான்சானியா நாட்டில் இருக்கும் கிளிமஞ்சாரோவின் உயரம் 5,895 மீட்டர். ஏறும் மீட்டருக்கு ஒரு ரூபாய் என்று கேட்டேன். 41 பேர் ஒப்புக்கொண்டார்கள். அந்தப் பணத்தில் ஒரு பைசா கூட என் பயணத்துக்கு இல்லை என்பதை முதல் செய்தியிலேயே எழுதிவிட்டேன். மலையேறுவது என் ஆசை. அதற்கு நான்தான் காசு கட்ட வேண்டும். நன்கொடையிலிருந்து டிக்கெட்டும் எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பயிற்சியின் முதல் மாதம் மலையைப் பற்றி நினைக்கவே இல்லை. இரவுச் சாப்பாடு முடிந்ததும் இருபது நிமிடம் நடை, அவ்வளவுதான். சாப்பிட்ட பின் நடந்தால் தசைகள் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் என்று மருத்துவர் சொன்னார். சர்க்கரை அளக்கும் மீட்டரில் பார்த்த பிறகுதான் நம்பினேன்: நடக்காத நாள் 210, நடந்த நாள் 160. அப்புறம் படி. எங்கள் கட்டடத்தில் நான்கு மாடி, 72 படி. முதுகுப்பையில் தண்ணீர் பாட்டில்களை அடுக்கிக்கொண்டு ஏறுவேன். மொட்டை மாடித் தொட்டிச் செடிகளுக்கு அதை ஊற்றிவிட்டு வெறும் பையோடு இறங்குவேன். முட்டிக்கு நல்லது என்றுதான் அப்படிச் செய்தேன். ஜனவரிக்குள் 10 கிலோ சுமையோடு 20 சுற்று. வாரக் கடைசியில் அடுத்தடுத்த இரண்டு நாள், நாளுக்கு ஐந்து மணி நேர நடை. முதல் நாள் நடந்த களைப்போடு மறுநாள் எழுந்து நடப்பதுதான் மலைக்கு உண்மையான ஒத்திகை.

எடை 69 ஆனது. சராசரி 6.6. ஓய்வாக இருக்கும்போது 88 ஆக இருந்த நாடித்துடிப்பு 70. மருத்துவர் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. இதயம், பாத நரம்பு, விழித்திரை மூன்றையும் சோதித்த பிறகே அனுமதித்தார். ரொம்ப உயரத்தில் விழித்திரையில் ரத்தம் கசியலாம்; சர்க்கரையால் ஏற்கெனவே பழுதான கண்ணுக்கு ஆபத்து அதிகம்.

கிளம்பும்போது அக்கா மகன் தன் பழைய இன்சுலின் பையைக் கொடுத்தான். வெயிலில் மருந்து கெடாமல் வைக்கும் சின்ன நீலப் பை. "சித்தி, உங்க மீட்டர இதுல வச்சுக்கோங்க, குளிர்ல கெட்டுடும்" என்றான்.

பிப்ரவரி 8, சனி: மோஷி

நான் வந்து சேர்ந்தேன், பெட்டி வரவில்லை. விமான நிலையத்தின் சுழல்பட்டை ஓய்ந்த பிறகும் நின்று பார்த்தேன். நல்லவேளை, பூட்ஸைக் காலில் போட்டுக்கொண்டும் மருந்துகளைக் கைப்பையில் வைத்துக்கொண்டும்தான் ஏறியிருந்தேன். மற்றதை வாடகைக்கு எடுக்கலாம். ஆறு மாதம் பழக்கிய பூட்ஸை எங்கே வாடகைக்கு எடுப்பது?

மோஷி மலையடிவாரத்து ஊர். இறகு ஜாக்கெட், தூக்கப் பை, மழைக்கோட்டு, நடைக்கோல் என்று எல்லாமே வாடகைக்குக் கிடைக்கிறது. எட்டு நாளைக்கு மொத்தம் 1,80,000 ஷில்லிங் ஆயிற்று. அப்போது நம் ஒரு ரூபாய் சுமார் 29 ஷில்லிங். கடைக்காரர் ஜாக்கெட்டின் ஜிப்பை மூன்று தடவை இழுத்துக் காட்டினார். தூக்கப் பையை என் உயரத்துக்கு விரித்து, என்னை உள்ளே படுத்துப் பார்க்கச் சொன்னார். அவசரமே காட்டவில்லை. பெட்டி வரவில்லை என்றதும் "பொலே சானா" என்றார். அதற்கு "ரொம்ப வருத்தம்" என்று பொருள். தப்பு தன்னுடையதாக இல்லாவிட்டாலும் எதிரில் இருப்பவர் கஷ்டப்பட்டால் சொல்லும் சொல். அடுத்த எட்டு நாளில் அதை எத்தனை தடவை கேட்டேனோ.

டீக்கடையில் பையன் "சுகாரி?" என்று கேட்டான். சர்க்கரை! தலையை ஆட்டி வேண்டாம் என்றேன். "பிலா சுகாரி" என்று திருத்திச் சொல்லிக் கொடுத்தான், சர்க்கரை இல்லாமல் என்று. காரணம் சொன்னதும் பக்கத்தில் இருந்த பெரியவர் "ஆ, கிசுகாரி" என்றார். சுவாஹிலியில் நீரிழிவுக்கு அதுதான் பெயராம். நம் ஊரில் "அவருக்கு சுகர்" என்பது போலவே. அவர் மனைவிக்கும் இருக்கிறதாம். டீக்குக் காசு வாங்க விடவில்லை.

மாலை ஆறு மணிக்கு மலையைத் தேடினேன். அடிவானத்தில் மேகம்தான் இருந்தது. விடுதிக் காவலாளி என் தோளைத் தொட்டு, இன்னும் மேலே பார் என்று கை காட்டினார். மேகத்துக்கு மேலே, நான் வானம் என்று நினைத்த இடத்தில், வெள்ளையாக ஒரு விளிம்பு. வயிற்றில் ஒரு கலக்கம்.

பிப்ரவரி 9, ஞாயிறு: மச்சாமே நுழைவாயில் முதல் மச்சாமே முகாம் வரை, 2,835 மீட்டர்

நுழைவாயில் சுமார் 1,800 மீட்டரில் இருக்கிறது. எங்கள் நால்வருக்காக ஒரு தலைமை வழிகாட்டி, இரண்டு துணை வழிகாட்டிகள், ஒரு சமையல்காரர், 14 சுமை தூக்குபவர்கள். மற்ற மூவர் ஓர் இளம் தம்பதி, பணி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். ஒவ்வொரு சுமையையும் தராசில் தொங்கவிட்டு எடை போட்டார்கள். ஒருவர் 20 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்பது பூங்கா விதி. 10 கிலோவுக்கு நான் ஆறு மாதம் பட்ட பாடு எனக்குத் தெரியும். அவர்கள் அதைப் போல இரண்டு மடங்கைத் தலையில் வைத்துக்கொண்டு எங்களைத் தாண்டி ஓடினார்கள்.

தாண்டும்போது இளைஞர்கள் "ஷிகமோ மாமா" என்றார்கள். அங்கே மாமா என்றால் அம்மா. ஷிகமோ பெரியவர்களுக்கு மட்டும் சொல்லும் வணக்கம். காலைப் பிடிக்கிறேன் என்பதிலிருந்து வந்ததாம். பதிலுக்கு "மரஹபா" சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் நின்றுகொண்டே இருப்பார்கள். சுமையோடு ஒருவரை நிற்க வைக்கக் கூடாதே என்று அன்றே மனப்பாடம் செய்துவிட்டேன்.

காடு முழுக்க ஈரம். மரங்களில் பாசி தாடி மாதிரி தொங்குகிறது. யானைத் தும்பிக்கை போல வளைந்த சிவப்பு மஞ்சள் பூ ஒன்று பாதையோரம் பூத்திருந்தது. இந்த மலையைத் தவிர வேறெங்கும் அது கிடையாது. கறுப்பு வெள்ளைக் கொலோபஸ் குரங்குகள் கிளைக்குக் கிளை தாவின. 11 கிலோமீட்டர், ஆறு மணி நேரம். வழிகாட்டி நடந்த வேகத்தில் எங்கள் தெருவில் யாரும் நடக்க மாட்டார்கள். "பொலே பொலே", மெதுவாக, மெதுவாக. நேற்று வருத்தத்துக்குக் கேட்ட அதே சொல். மூக்கு வழியாக மூச்சு விட முடிகிற வேகம்தான் சரியான வேகம் என்றார். வாய் திறந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

முகாமில் சூடான பாப்கார்னும் டீயும். இரவு பூசணி சூப், உருளைக்கிழங்கு, கோழி. ஆறு மாதமாக உருளைக்கிழங்கைத் தொடாதவள் நான். தட்டைப் பார்த்துத் தயங்கினேன். "இங்கே சாப்பிடுவதும் வேலைதான், மாமா" என்றார் வழிகாட்டி. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தேன்: 138. ஆறு மணி நேரம் ஏறிய கால்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டிருக்கின்றன.

பிப்ரவரி 10, திங்கள்: ஷிரா குகை முகாம், 3,750 மீட்டர்

ஐந்து கிலோமீட்டர்தான், ஆனால் முழுக்கச் செங்குத்து. மரங்கள் முடிந்து புதர் தொடங்கியது. வெயில் சுள்ளென்று அடித்தது. பூமத்திய ரேகைக்கு மூன்று பாகை தெற்கேதான் இருக்கிறோம். சூரியன் மறைந்த பத்தாவது நிமிடம் பல் கிட்டியது.

ராத்திரி விரல் நுனிகளில் ஊசி குத்துவது போல மதமதப்பு. பயந்துவிட்டேன். சர்க்கரைக்காரர்களுக்கு நரம்பு கெட ஆரம்பிக்கும்போது இப்படித்தான் என்று படித்திருக்கிறேன். இரண்டு மணி நேரம் தூங்கவில்லை. காலையில் சொன்னதும் வழிகாட்டி, "டயமாக்ஸ் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டார். ஆமாம், உயர நோய்க்கு முன்னெச்சரிக்கையாக மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரை. அதன் பக்க விளைவுகளில் விரல் மதமதப்பு மிகச் சாதாரணம். அடிக்கடி சிறுநீர் போவதும் அதனால்தான். பாத நரம்புச் சோதனை சரியாக இருந்ததே, அதையாவது நான் நினைத்துப் பார்த்திருக்கலாம். சர்க்கரையோடு மலைக்குப் போகிறவர்கள் இதை முன்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள், ஒரு ராத்திரித் தூக்கம் மிஞ்சும்.

பிப்ரவரி 11, செவ்வாய்: லாவா டவர், பாரங்கோ

தைப்பூசம். பழனிக்கு நடந்து போகிறவர்களை நினைத்துக்கொண்டே நடந்தேன். செருப்பில்லாமல், தோளில் காவடியோடு, நாள் கணக்கில் தார் ரோட்டில் நடக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் எடை போட்டு சுமை தூக்கிக் கொடுக்க யாரும் இல்லை.

இன்று 4,600 மீட்டர் லாவா டவர் வரை ஏறி, மறுபடி சுமார் 3,900க்கு இறங்கித் தூங்குவது. உடம்புக்கு உயரத்தைக் காட்டிவிட்டு, தூங்குவதற்குக் கீழே கூட்டி வரும் முறை. மேலே மதியச் சாப்பாட்டில் தலை விண்விண் என்று தெறித்தது. இளம் தம்பதியில் அந்தப் பெண் தட்டைத் தள்ளிவிட்டு அழுதாள். ஏன் அழுகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. சமையல்காரர் வந்து அவள் பக்கத்தில் மண்டி போட்டு, கேழ்வரகுக் கூழ் மாதிரி இருந்த கஞ்சியை நீட்டினார். "உஜி" என்று பெயர். "பொலே டாடா, பொலே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். டாடா என்றால் அக்கா தங்கை. அவள் அரைக் குவளை குடித்தாள்.

இறங்க இறங்கத் தலைவலி கழன்றது. பாரங்கோ பள்ளத்தாக்கில் ராட்சத செனீசியோ மரங்கள். காய்ந்த இலைகளைக் கழற்றாமல் தண்டைச் சுற்றிப் போர்வையாகப் போட்டுக்கொண்டு நிற்கின்றன, ராத்திரிக் குளிருக்கு. ஒரு மரத்தின் காய்ந்த இலைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். உள்ளே வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.

ரத்தத்தில் ஆக்ஸிஜன், ஆக்ஸிமீட்டரில் 84. காலைச் சர்க்கரை 118.

பிப்ரவரி 12, புதன்: பாரங்கோ சுவர், கரங்கா

நேற்று மாலையிலிருந்தே கண்ணுக்கு முன்னால் நின்றது அந்தச் சுவர். 250 மீட்டர் உயரப் பாறை. கையும் காலும் வைத்து ஏற வேண்டும். நான் பயந்தது இதற்குத்தான், பிடித்ததும் இதுதான். ஓரிடத்தில் பாறையைக் கட்டிப் பிடித்தபடி பக்கவாட்டில் நகர வேண்டும்; முகம் பாறையில் ஒட்டும் என்பதால் முத்தப் பாறை என்று பெயர். துணை வழிகாட்டி கீழே நின்று என் ஒவ்வொரு காலையும் கையால் பிடித்து, வைக்க வேண்டிய இடத்தில் வைத்தார். 78 கிலோவோடு வந்திருந்தால் என் கைகள் என்னைத் தாங்கியிருக்காது. உச்சியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துத் தின்றோம். வெள்ளைக் கழுத்துக் காக்கைகள் தோலுக்காகச் சுற்றி வந்தன.

கரங்கா என்றால் வேர்க்கடலை. ஏன் அந்தப் பெயர் என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசித் தண்ணீர் இங்கேதான். நாளைய முகாமுக்கான தண்ணீரை முழுக்க இங்கிருந்து தலைச்சுமையாகக் கொண்டு போக வேண்டும். அதைப் பார்த்த பிறகு முகம் கழுவக் கொடுத்த வெந்நீரில் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன்.

மாலையில் மீட்டர் வேலை செய்யவில்லை. திரையில் ஒரு தெர்மாமீட்டர் படம் மட்டும் வந்தது. குளிர் அதிகம் என்று அர்த்தம். நீலப் பை குளிரைத் தள்ளிப்போடுமே தவிர, தானாகச் சூடு கொடுக்காது. பையோடு எடுத்து உள்சட்டைக்குள் வைத்துக்கொண்டு, அரை மணி கழித்துப் பார்த்தேன்: 109. அதற்குப் பிறகு பையும் மீட்டரும் என் உடம்போடுதான். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வைக்கவும் இன்றுதான் கற்றுக்கொண்டேன். ஐஸ் மேல் பக்கம்தான் முதலில் பிடிக்கும். தலைகீழாக இருந்தால் மூடி உறையாது.

முழு நிலா. தூரத்தில் மோஷியின் விளக்குகள் தெரிந்தன. ரொம்ப நேரம் வெளியே நின்றேன்.

பிப்ரவரி 13, வியாழன்: பராஃபு, 4,673 மீட்டர்

பராஃபு என்றால் ஐஸ். நான்கு கிலோமீட்டருக்கு நான்கு மணி நேரம். பாறை, தூசி, காற்று. செடி என்று ஒன்று கூட இல்லை.

எங்கள் பரிமாறும் தம்பி "சாப்பாடு பதினோரு மணிக்கு" என்றான். மாலை ஐந்துக்கே மணி அடித்தது. சுவாஹிலிக் கணக்கில் நாள் சூரிய உதயத்திலிருந்து தொடங்குகிறது. காலை ஏழு மணிதான் முதல் மணி. நம் நாழிகைக் கணக்கு மாதிரி. நள்ளிரவில் கிளம்பவேண்டும், அதாவது அவர்களுக்கு ராத்திரி ஆறு மணி.

சாப்பாடு இறங்கவில்லை. சோறு ஐந்து வாய், சூப் ஒரு கிண்ணம். வழிகாட்டி ஒவ்வொருவரிடமும் தனியாக வந்து பேசினார். "மேலே நான் திரும்பு என்று சொன்னால் திரும்ப வேண்டும். அங்கே விவாதம் கிடையாது. இப்போதே சரி சொல்லுங்கள்." சொன்னேன். அந்த நேரத்தில் சுலபமாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 14, வெள்ளி: ஸ்டெல்லா பாயிண்ட், 5,756 மீட்டர்

நள்ளிரவு பன்னிரண்டு பத்துக்குக் கிளம்பினோம். நிலா வெளிச்சத்தில் விளக்கே தேவைப்படவில்லை. மேலேயும் கீழேயும் விளக்குப் புள்ளிகள் வரிசையாக, நகர்கிறதா என்று தெரியாத வேகத்தில். ஒரு காலை வை, மூச்சு விடு. அடுத்த காலை வை. படியில் 20 சுற்று போட்ட நாட்களில் எண்ணியது போல 72 வரை எண்ணுவேன், மறுபடி ஒன்று. மூன்று மணிக்கு, பையிலிருந்து உறிஞ்சிக் குடிக்கும் தண்ணீர்க் குழாய் உறைந்தது. தலைகீழாக வைத்த பாட்டில் உறையவில்லை.

5,400 மீட்டருக்குப் பக்கத்தில் முதல் வாந்தி. அப்புறம் இன்னும் இரண்டு. துணை வழிகாட்டி என் பையை வாங்கித் தன் மார்பில் மாட்டிக்கொண்டார். என் கையுறையைக் கழற்றி, விரல்களைத் தன் அக்குளில் வைத்துச் சூடேற்றினார். யார் பெற்ற பிள்ளையோ.

கிழக்கில் மாவென்சி சிகரத்துக்குப் பின்னால் ஆரஞ்சுக் கோடு விழுந்தபோது சரளைக் கல்லில் சறுக்கிக்கொண்டிருந்தேன். ஏழு இருபதுக்கு ஸ்டெல்லா பாயிண்ட். எரிமலை வாயின் விளிம்பு அது. இடப்பக்கம் பனிப்பாறை நீலமாக நின்றது. 1912இல் இருந்த பனிப்பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இன்றைக்கு இல்லை. மிச்சத்தைப் பார்க்கும்போதே மனசு என்னவோ செய்தது. உச்சி கண்ணுக்குத் தெரிகிறது. உஹுரு, விடுதலை. ஜெர்மன் சக்கரவர்த்தியின் பெயரில் இருந்த சிகரம். 1961இல் நாடு விடுதலை அடைந்தபோது இங்கே கொடியும் தீபமும் ஏற்றினார்கள். ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், அதுவும் மெல்லிய ஏற்றம்தான்.

எழுந்து நடந்தபோது வழிகாட்டி என்னை நிறுத்தினார். ஒரு காலின் குதிகால் அடுத்த காலின் விரலைத் தொடும்படி நேர்கோட்டில் பத்து அடி வைக்கச் சொன்னார். நான்காவது அடியில் சாய்ந்தேன். மறுபடி. மூன்றாவது அடியில் அவர் மேலேயே விழுந்தேன்.

"சர்க்கரை குறைந்திருக்குமா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. சர்க்கரை இறங்கினாலும் இப்படித் தள்ளாடும், உயரத்தில் மூளை வீங்கத் தொடங்கினாலும் இப்படித் தள்ளாடும். முன்னதென்றால் இனிப்பு கொடுத்து உட்கார வைக்கலாம். பின்னதென்றால் உடனே இறங்கியே ஆக வேண்டும். உள்சட்டைக்குள்ளிருந்து நீலப் பையை அவரே எடுத்தார், விரலைக் குத்தினார். 112.

அந்த எண்ணைப் பார்த்து அழுதேன். ஆறு மாதமாக நான் பயந்த எதிரி இந்த உயரத்தில் கூட ஒழுங்காக இருந்தது. சர்க்கரை இல்லை. அப்படியென்றால் உயரம்தான்.

"மாமா, கீழே."

"139 மீட்டர்தானே" என்றேன். அக்கா மகனைப் பற்றிச் சொன்னேன், 41 பேரைப் பற்றிச் சொன்னேன். அவர் எதற்கும் பதில் சொல்லவில்லை. என் இரண்டு தோளையும் பிடித்து மெதுவாகத் திருப்பி, வந்த வழியைப் பார்க்க வைத்தார். "பொலே சானா, மாமா." அந்தச் சொல்லின் இரண்டு அர்த்தமும் அதில் இருந்தது.

பெரியவரும் தம்பதியும் உச்சிக்குப் போனார்கள். லாவா டவரில் அழுத அந்தப் பெண்ணும் ஏறிவிட்டாள் என்று பிறகு கேட்டபோது உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன்.

முதல் 500 மீட்டர் இறங்கியதுமே தலை தெளிந்தது. ஆனால் முட்டி போனது. பராஃபு வரை சரளை, அங்கே ஒரு மணி நேரம் படுக்கை, கஞ்சி, மறுபடி 3,100 மீட்டரில் இருக்கும் ம்வேகா முகாம் வரை இறக்கம். ஒரே நாளில் 2,600 மீட்டருக்கு மேல். தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குவது தனி வேலை; ஏறிப் பழகியது அதற்கு உதவாது. மொட்டை மாடியில் தண்ணீரை ஊற்றிவிட்டு வெறும் பையோடு இறங்கிய ஆறு மாதத்துக்கும் இன்று கணக்குத் தீர்த்தேன். கடைசி ஒரு மணி நேரம் பக்கவாட்டில்தான் நடந்தேன்.

பிப்ரவரி 15, சனி: ம்வேகா நுழைவாயில்

காலையில் எல்லோரும் சுற்றி நின்று பாடினார்கள். அன்பளிப்பைக் கவரில் போட்டு மொத்தமாகக் கொடுக்கும் பழக்கம் இருக்கிறது. நாங்கள் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு என்பதை எல்லோர் முன்னாலும் வாய்விட்டுப் படித்தோம். தலைச்சுமை தூக்கியவருக்கு அவர் பங்கு போய்ச் சேர அதுதான் வழி. என் விரலைச் சூடேற்றிய தம்பியிடம் என் கையுறையைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு "மரஹபா" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தான். நான்தான் அவனுக்கு முதலில் "ஷிகமோ" சொல்லியிருந்தேன்.

மழைக்காட்டில் சேறு. இரண்டு தடவை உட்கார்ந்து சறுக்கினேன். வாயிலில் பூட்ஸ் கழுவும் பையன்கள் 5,000 ஷில்லிங் கேட்டார்கள், பிரஷ்ஷால் தேய்த்துப் புதிது போலக் கொடுத்தார்கள். ஸ்டெல்லா பாயிண்டுக்கும் சான்றிதழ் உண்டு. வாங்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு: மோஷி

பெட்டி விடுதியில் காத்திருந்தது, செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டதாம். கால் கட்டைவிரல் நகம் இரண்டும் கறுத்திருக்கின்றன; கொப்புளம் ஒன்று கூட இல்லை. பாதத்தை ஒவ்வொரு இரவும் விளக்கில் பார்த்ததற்குப் பலன். வெறும் வயிற்றில் 104. டீக்கடையில் அந்தப் பெரியவர் இல்லை. பையனிடம் இரண்டு டீக்கான காசைக் கொடுத்து, ஒன்று அவருக்கு என்றேன்.

வீட்டுக்கு வீடியோ அழைப்பு போட்டேன். அக்கா மகன் முதலில் கேட்டது, "என் பை மேல வரைக்கும் வந்துச்சா சித்தி?"

"5,756 வரைக்கும் வந்துச்சு."

கொஞ்ச நேரம் வாய்க்குள் முணுமுணுத்தான். "அப்ப 139 பாக்கி."

மீட்டருக்கு ஒரு ரூபாய் என்றால் 139 ரூபாய் குறைகிறது, ஒருவருக்கு. 41 பேருக்கு 5,699 ரூபாய். எல்லோருக்கும் நடந்ததை எழுதி, ஏறிய 5,756 மீட்டருக்கு மட்டும் அனுப்பினால் போதும் என்று சொல்லிவிட்டேன். மிச்ச 5,699 ரூபாயை என் கணக்கிலிருந்து போட்டேன். சிலர் கோபித்துக்கொண்டு முழுதாகவே அனுப்பியிருக்கிறார்கள், அது கூடுதல். மொத்தம் 2,41,695க்குக் குறையாமல் அந்தக் குழந்தைகளின் ஸ்ட்ரிப்புக்குப் போகிறது.

முட்டி வீக்கம் வடிந்ததும் மறுபடி படி ஏற வேண்டும். இந்தத் தடவை தண்ணீரை மேலே ஊற்றாமல் சுமையோடுதான் இறங்கப் போகிறேன், முதலில் இரண்டு கிலோவோடு. மொட்டை மாடிச் செடிகளுக்கு ஒரு குழாய் இழுக்க வேண்டும்.